துரும்பு கிள்ளிப் போட்ட எட்டு நாள்

பிற்காலத்தில் எனக்கு மலைக்குக் கீழே ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியைத் தேய்த்தேன். கை கால் விளங்காதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கார் தருகிற உதவிப் பணத்துக்கான மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். எல்லா மனுவிலும் ஒரு வரி இருக்கும்: மனுதாரரை ஆதரிப்பார் எவரும் இல்லை. அந்த வரிக்கு வந்ததும் நான் சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைப்பேன். இந்த அம்மா ரொம்பக் கறார், ஒவ்வொரு எழுத்தையும் சோதிக்கிறார் என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கறாரும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கம். அந்த வரியை என் வாயாலேயே சொல்லி, ஓர் ஆளுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. மொத்தம் பதினேழு வீடு. மலைக்கு ரோடு வராத காலம். கீழே காரவள்ளிக்குப் போவதென்றால் விடியலில் கிளம்பி, முழங்கால் நடுங்க நடுங்க இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், இடுப்பில் ஒரு தம்பி, பிறகு பெரியப்பா. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது பெரியப்பா மிளகு பறிக்க மரம் ஏறினார். முதல் நாள் பெய்த மழையில் மரம் வழுக்கிக் கிடந்தது. விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே செத்துப்போனது. பெரியம்மா ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் மலையில் அதை யாரும் பெரிய குற்றமாகப் பேசுவதில்லை. "சின்ன வயசு, அவ என்ன பண்ணுவா" என்று பெரியப்பாவே சொல்லி அனுப்பிவைத்ததாகக் கேள்வி. பிள்ளை குட்டி இல்லை.

சும்மா உட்கார்ந்து தின்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சாமை கதிர் பிடித்துவிட்டால், அப்பா அவரை முதுகில் சுமந்துபோய்க் காட்டிலுள்ள பரணில் உட்கார வைப்பார். பகல் முழுவதும் கிளி விரட்டுவது அவர் வேலை. அவர் தொண்டைக்குப் பயந்து எங்கள் காட்டுக் கிளிகள் எல்லாம் பக்கத்து ஊர்க் காட்டுக்குப் போய்விடும். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பரணில் ஏறி உட்கார்ந்து அன்றைய பாடத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் ஒவ்வொரு வரியையும் கிளி விரட்டுகிற குரலில் திருப்பிச் சொல்வார். பாடமும் ஆச்சு, காவலும் ஆச்சு என்பார்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து நான் கூசவும் செய்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மற்ற நேரத்தில் அவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துத்தான் நகர்வார். எங்கள் ஊரிலேயே, என்னோடு படித்த பெண்கள் இரண்டு பேர், அதேபோல் தரையில் இழுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவேண்டியது நியாயம். வந்தது பெரியப்பா மேல்தான். இந்த ஆள் நம் வீட்டில் இல்லாமல் வேறு யார் வீட்டிலாவது இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் அறுப்பு நேரத்தில் அடைமழை பிடித்து, சாமை தாளிலேயே முளைத்துப்போனது. அப்பா கீழே சேந்தமங்கலம் பக்கம் கூலி வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார். போனால் ஆறு மாதம் திரும்ப முடியாது. பெரியப்பாவைக் காலையில் தூக்கி வெளியே கொண்டுபோக, குளிப்பாட்ட, வெயிலுக்கு நகர்த்த அம்மாவால் ஒற்றையாக முடியாது. அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு சேதி சொன்னார். இந்த மாதிரி ஆட்களுக்குச் சர்க்கார் மாதம் பிறந்தால் மணியார்டரில் பணம் அனுப்புகிறதாம். எழுதிப் போட்டால் போதுமாம். அந்தப் பணம் வந்தால் அப்பா மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எழுதிப் போட்டால் போதும் என்பது வாத்தியார் அறிந்த உலகம். முதலில், நடக்க முடியாது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அதற்கு நடக்க முடியாத ஆள் நேரில் வர வேண்டும். ஆகவே அப்பாவும் மாமன் ஒருவரும் மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, பெரியப்பாவை அதில் போட்டு, தோளில் சுமந்து மலை இறங்கினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் பெரியப்பா தூளிக்குள்ளிருந்து, "மாப்பிள்ளை ஊர்வலம் போறாப்பல இருக்குது" என்று சிரித்துக்கொண்டே வந்தார். சரிவில் ஒருமுறை அப்பாவின் கால் சறுக்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

டாக்டர் ஊசியால் காலில் குத்திப் பார்த்தார். எழுந்து நில் என்றார். நிற்கவில்லை என்று எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார், முத்திரை வைக்கிற பெட்டியின் சாவி வேறொருவரிடம் இருந்தது, அவர் லீவில் இருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் கிடந்தோம். மூன்றாம் நாள் முத்திரையோடு பஸ் ஏறி ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். காகிதத்தைப் படித்தார், பெரியப்பாவைப் பார்த்தார், இரக்கத்தோடு உச்சுக் கொட்டினார். பிறகு கேட்டார்.

"மலையிலிருந்து இங்க வரைக்கும் உங்களைத் தூக்கிட்டு வந்தது யாருங்க?"

"என்ற தம்பிதானுங்க" என்றார் பெரியப்பா, பெருமையாக.

குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டார். தம்பி இருக்கிறவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஆதரிக்க ஆளில்லாதவர்களுக்கு மட்டும்தான். மனுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து, படிக்கத் தெரிந்த என்னிடம் திருப்பிக் காட்டினார். நான் உரக்க வாசித்தேன். ஆதரிப்பார் எவரும் இல்லை. நான் பிசிறில்லாமல் படித்ததைக் கேட்டு அவர் என்னைப் பாராட்டினார். ஆளில்லாதவரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவது யார் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

முகம் செத்துப்போய் நின்ற அப்பாவைப் பார்த்து குமாஸ்தாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வரி விஷயமாக ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., மலைக்கு வருகிறார், அவர் நேரில் விசாரிப்பார், அவர் விசாரிக்கிற அன்றைக்கு இவருக்கு யாரும் இல்லை என்று தெரியவந்தால் சரி என்றார். "நான் பொய் சொல்லச் சொல்லலை" என்று இரண்டு முறை சொன்னார்.

மற்ற ஊர்களில் இதற்கு அர்த்தம் எளிது. ஆர்.ஐ. வருகிற அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிவிட்டால் காரியம் முடிந்தது. எங்கள் ஊரில் முடியாது. ஊர்ச்சாமி இருக்கிற மண்ணில் நின்று பொய் சொன்னால் கண் போய்விடும் என்பது எங்களுக்குக் கேழ்வரகு களியாகும் என்பதைப் போலத் தெரிந்த விஷயம். அப்பா நேரே ஊர்க்கவுண்டரிடம் போனார். அவர் பேச்சுத்தான் எங்கள் ஊருக்குச் சட்டம்.

"அண்ணனை வெச்சுக்கிட்டு, அண்ணன் இல்லைன்னு எப்படிங்க சொல்றது?" என்று அப்பா கேட்டார்.

ஊர்க்கவுண்டர் வெகுநேரம் புகையிலை மென்றார். "பொய் எதுக்குச் சொல்லோணும்? துரும்பு கிள்ளிப் போட்டுறலாம். அப்புறம் நீ சொல்றது நெசந்தானே. ஆபீசரு போனதும் கை நனைச்சுச் சேத்துக்கலாம்" என்றார்.

பொய் சொல்லாமல் இருப்பதற்காக எங்கள் ஊர் செய்த புத்திசாலித்தனம் இது. எங்களில் முறை தவறிக் கல்யாணம் செய்தவரையோ, ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவரையோ உறவை விட்டு விலக்குவதற்குத் துரும்பு கிள்ளுவது வழக்கம். சாமி முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டுவிட்டால், அண்ணனும் அண்ணன் இல்லை, தம்பியும் தம்பி இல்லை. ஊரில் ஒருவரும் அவருக்குத் தீ, தண்ணீர், உப்பு கொடுக்கக் கூடாது. மறுபடி சேர்வதென்றால் ஊர் கூடி, அவர் கையால் ஒரே வட்டிலிலிருந்து எல்லோரும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட வேண்டும். அதற்குப் பெயர்தான் கை நனைப்பது.

பெரியப்பாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆறு வருசமா உங்க கையைப் பாத்துத் திங்கறேன். எட்டு நாளு நான் யாருமில்லாதவனா இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சாமி கல்லுக்கு முன்னால் அப்பா துரும்பைக் கிள்ளினார். முதல் முறை ஒடியவில்லை. வைக்கோல் வளைந்து கொடுத்தது. இரண்டாவது துரும்பு எடுத்துக் கொடுத்தார்கள். ஊர்க்கவுண்டர் எங்கள் எல்லோரையும் பார்த்து, குறிப்பாகப் பிள்ளைகளைப் பார்த்து, ஊர்க் கட்டை மீறினால் சாமி சும்மா விடாது என்று எச்சரித்தார். பெரியப்பாவைக் காட்டோரத்தில் காலியாகக் கிடந்த குடிசையில் கொண்டுபோய் விட்டார்கள். கையோடு கொடுத்தது ஒரு சட்டி, ஒரு முறம் சாமை, ஒரு கொள்ளிக்கட்டை. ஊற்று அந்தக் குடிசைக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் பாறை இறக்கம். கையை ஊன்றி இறங்க முடியாது. தண்ணீருக்கு அவர் என்ன செய்வார் என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த எட்டு நாளும் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சாமிக்குப் பயந்தேன் என்பது உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நிமிர்ந்து நடந்தேன். அவர் இனி எங்கள் வீட்டு ஆள் இல்லை, ஊரே சொல்லியாகிவிட்டது. குடிசை இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். தம்பி அந்தத் திசையில் கை நீட்டி அழுதால் அவன் கையைப் பிடித்து மடக்குவேன். இவ்வளவு ஒழுங்காகக் கட்டைக் காப்பாற்றுகிற என்னை யாருமே மெச்சவில்லையே என்று எனக்கு அம்மா மேல் வருத்தம் வேறு.

ஏழாம் நாள் சாயங்காலம், ஊற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். குடிசை வாசலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"கண்ணு, ஒரு வாய் தண்ணி ஊத்திட்டுப் போ சாமி."

நான் நின்றேன். எனக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும், அவரைப்போல் இழுத்து நடந்து காட்டுகிற அதே பெண்கள், குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

"நீங்க எங்களுக்கு யாரும் இல்லீங்க."

பெரியப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் விறுவிறுவென்று நடந்தேன். குடத்துத் தண்ணீர் தளும்பி என் முதுகெல்லாம் நனைந்தது. வீட்டுக்கு வந்து இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பெருமையடித்துக்கொள்ளக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஆர்.ஐ. வந்தார். தலையாரி குடையும் பையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். மலையேறிய களைப்பில் ஆர்.ஐ.யின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. குடிசையை எட்டிப் பார்த்தார். மூன்று கல் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு கந்தல் போர்வை. திருப்தியானவர்போலத் தலையசைத்தார். பிறகு கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். அப்பா முன்னால் நின்றார்.

"இவர் உனக்கு என்ன வேணும்?"

அப்பாவுக்கு வாய் வரவில்லை. துரும்பு கிள்ளியாயிற்று, அவர் சொல்லப்போவது பொய் இல்லை, எல்லாம் சரி. ஆனாலும் வரவில்லை. "ஒண்ணும்..." என்று ஆரம்பித்துத் தரையைப் பார்த்தார். ஆர்.ஐ. அப்பாவின் முகத்தையும் பெரியப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நுனியில் கொஞ்சம் வளைந்து இறங்கும். சர்க்கார் உத்தியோகத்தில் இல்லாதவர்களுக்குக்கூட அது தெரியும்.

"மூக்கு ரெண்டும் ஒரே அச்சா இருக்குதே?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஆர்.ஐ. காகிதங்களைப் பையில் வைக்கப் போனார். அப்பா கீழே கூலிக்குப் போவதும் போகாமலிருப்பதும் அந்தப் பை மூடுவதில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் கண்ணில் நான் பட்டேன். அந்தக் கூட்டத்தில் ரவிக்கையும் பாவாடையுமாக, நெற்றியில் பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி நின்றவள் நான்.

"பாப்பா, படிக்கிற புள்ள பொய் சொல்லக் கூடாது. இவர் உனக்கு யாரு?"

"யாருமில்லீங்க."

"இவருக்குச் சோறு யார் போடறாங்க?"

"யாரும் போடறதில்லீங்க. அவரே பொங்கித் திங்கறாருங்க."

"தண்ணி?"

"அதுவும் யாரும் குடுக்கறதில்லீங்க. நேத்து என்கிட்டக் கேட்டாருங்க. நான் குடுக்கலீங்க."

வாத்தியார் கேள்வி கேட்கும்போது நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன். ஆர்.ஐ. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கும் என் வயதில் ஒரு பெண் இருந்திருக்கலாம். பிறகு பையைத் தள்ளி வைத்து, காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதினார். பெரியப்பாவின் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார். எங்கள் வீட்டில் மோர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. நான்கு மாதம் கழித்து முதல் மணியார்டர் வந்து, பெரியப்பா இருந்தவரைக்கும் வந்துகொண்டிருந்தது. அப்பா கூலிக்குக் கீழே போகவே இல்லை. அந்த வகையில் பார்த்தால் என்னால் குடும்பம் பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். சிலர் சொல்லவும் செய்தார்கள்.

ஆர்.ஐ. போன மறுநாள் காலையில் கை நனைக்க ஊர் கூடியது. சேவல் அடித்துக் குழம்பு கொதித்தது. பெரிய வட்டிலில் சாமைச் சோறு. பெரியப்பாவைக் குளிப்பாட்டி, தாடியை மழித்து, சாமி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. விலக்கிய நாட்களில் யாராவது கட்டை மீறியிருந்தால் சாமி முன்னால் ஒத்துக்கொண்டு, தப்புக்கு ஒரு பிடி உப்பு வைக்க வேண்டும். மலையில் அந்தக் காலத்தில் உப்பு லேசான பொருள் இல்லை.

"யாராச்சும் மீறினீங்களா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

முதலில் அப்பா எழுந்தார். தினமும் விடிகாலையில் பெரியப்பாவை வெளியே தூக்கிப்போய்க் கூட்டிவந்ததாகச் சொல்லி ஒரு பிடி உப்பு வைத்தார். அம்மா, தேக்கிலையில் களி பொதிந்து புதருக்குள் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, எட்டு நாளும் என்றாள். எதிர்வீட்டு அத்தை தீ அணைந்துபோனது என்று கொள்ளி கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். மாமன் தண்ணீர்க் குடத்தை இருட்டோடு இருட்டாகக் குடிசைக்குப் பின்னால் வைத்து எடுத்து வந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து வர, உப்பு குவிந்துகொண்டே போனது. சனங்கள் முதலில் நெளிந்தார்கள், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஊர்க்கவுண்டரே தன் மடியை அவிழ்த்து, "பொகையிலை இல்லாம அவன் என்ன பண்ணுவான்னு..." என்று முனகிக்கொண்டு ஒரு பிடி வைத்தார்.

அந்த இரண்டு பெண்களும் எழுந்தார்கள். முந்தாநாள் சாயங்காலம் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. பெரியவர்கள் முதற்கொண்டு எல்லோரும் இப்படித் தப்புச் செய்திருக்கிறார்களே! அத்தனை பேரிலும் கட்டைக் காத்தவள் நான் ஒருத்தி. இப்போதாவது ஊர் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுந்து நின்றேன்.

"நான் ஒண்ணுமே குடுக்கலீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. மெச்சப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அம்மாகூடப் பார்க்கவில்லை. பெரியப்பா மட்டும் பார்த்தார். பிறகு சாமி கல்லின் பக்கம் கையை நீட்டி, கிளி விரட்டுகிற அந்தக் குரலில் சொன்னார்.

"பொய் சொல்லுது. குடுத்துச்சு. சொரைக்குடுக்கையில தண்ணி ஊத்திட்டுத்தான் போச்சு. ஆபீசருகிட்ட இல்லைன்னு சொல்லச் சொன்னது நாந்தான். அது பேருக்கும் ஒரு பிடி உப்பு வையுங்க."

ஊர்க்கவுண்டர் அவரையே பார்த்தார். அந்த மண்ணில் ஒரு பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் எட்டு நாள் அத்தனை பாடு பட்டோம். அதே மண்ணில், அதே சாமி முன்னால், நீட்டிய கையை மடக்காமல் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க!" என்று நான் கத்தினேன். "நான் குடுக்கலை! அவருதான் பொய் சொல்றாரு! நான் குடுக்கவே இல்லை!" காலைத் தரையில் உதைத்தேன். சாமி மேல் சத்தியம் செய்தேன். ஊர்க்கவுண்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பெரியவன் சொல்றான், செரி" என்று அம்மாவுக்குத் தலையசைத்தார். அம்மா என் பேருக்கு ஒரு பிடி உப்பை அள்ளி வைத்தாள். வைக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு பெரியப்பா சோற்றைப் பிசைந்து ஒவ்வொருவருக்கும் உருட்டிக் கொடுத்தார். எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். தம்பிக்குக்கூட ஒரு பருக்கையை நாக்கில் வைத்தார். என் முறை வந்தது. நான் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சின்னப் புள்ள, கோபம் தணிந்தால் தின்னும் என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பின்னால் அவர் கை நீட்டியபடியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு ஊரில் யாரும் இதைப் பேசவில்லை. நாலு வருடத்தில் அவரும் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி கணக்குப் பார்த்தால், அந்தத் துரும்பு என் ஒருத்திக்கு மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? நான் செய்யாத தப்பை ஊர் கூடி என் தலையில் கட்டிவிட்டதே என்றுதான் தேம்பித் தேம்பி அழுதேன்.